மதுரைச் செவல் காட்டில் மேட்டுப்பாத்திக் கோதுமை: பத்து சென்ட்டில் தொடங்குகிறவர்களுக்கு

மதுரையில் கோதுமை விளையுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: விளையும், ஆனால் முதல் வருஷம் பத்து சென்ட்டுக்கு மேல் போடாதீர்கள். ரேஷன் கடையிலேயே கோதுமை கிடைக்கிற ஊரில் விற்பனையை நம்பி இதில் இறங்கினால் கையைக் கடிக்கும். வீட்டுக்குச் சம்பா ரவை வேண்டும், கிணற்றில் மாசி பிறக்கும் வரை தண்ணீர் கிடக்கும், புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கிற ஆசையும் இருக்கிறது என்றால் மேலே படியுங்கள்.

எங்கள் காடு செக்கானூரணியிலிருந்து உசிலம்பட்டி போகிற வழியில் இருக்கிறது. செவல் மண், கிணற்றுப் பாசனம். இரண்டு வருஷம் தோற்று, மூன்றாவது வருஷம்தான் ரவை உடைக்கிற அளவுக்கு மணியைப் பார்த்தேன். முதல் வருஷம் சின்ன வெங்காயம் எடுத்த கையோடு, பொங்கல் கழிந்து விதைத்தேன். பயிர் பச்சைப் பசேலென்று வந்தது. பால் பிடிக்கிற நேரத்தில் பங்குனி வெயில் பிடித்துக்கொண்டது. கதிரைக் கசக்கினால் உள்ளங்கையில் உமியும், சுருங்கிய சீரகம் மாதிரி நாலு மணியும்தான். அடுத்த வருஷம் உஷாராகக் கார்த்திகையிலேயே விதைத்தேன், சாதாரணத் தட்டைப் பாத்தியில். முளைத்துப் பன்னிரண்டாம் நாள் ஒரு மழை. பாத்தியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. அவ்வளவுதான், பயிர் மஞ்சளடித்துக் குன்றிவிட்டது. பிறகு எவ்வளவு யூரியா போட்டும் எழும்பவில்லை.

சிக்கல் இங்கேதான். வெயிலுக்குத் தப்ப வேண்டுமானால் மழைக்காலத்திலேயே விதைத்தாக வேண்டும். மழைக்காலத்தில் விதைத்தால் வேரடியில் தண்ணீர் தேங்கும். இரண்டுக்கும் நடுவில் நுழைந்து போவதற்குத்தான் மேட்டுப்பாத்தி: மண்ணை நீளநீளமான மேடாக (பார்) எழுப்பி அதன்மேல் விதைத்து, மேட்டுக்கு மேடு இடையிலுள்ள பள்ளத்தில் (சால்) தண்ணீர் விடுகிற முறை.

கோதுமையை இப்படிப் பார் பிடித்து வளர்க்கும் முறை மெக்ஸிகோ நாட்டின் வடமேற்கில், சொனோரா மாநிலத்து யாக்கி பள்ளத்தாக்கில் பரவியது. பசுமைப் புரட்சிக்குப் பெயர்போன கோதுமை ஆராய்ச்சியாளர் நார்மன் போர்லாக் குட்டை ரகக் கோதுமைகளை வயலில் போட்டுப் பார்த்த அதே பகுதி. தட்டை வயலில் வெள்ளமாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அந்த ஊர் விவசாயிகள் மெல்ல மெல்லப் பாருக்கு மாறினார்கள். 1990களில் பத்துக்கு ஒன்பது பங்கு நிலம் இந்த முறைக்கு வந்துவிட்டது. அது வறண்ட பூமி என்பதால் அவர்கள் பார்த்தது தண்ணீர்ச் சிக்கனத்தையும் களையெடுக்கிற வசதியையும். அப்புறம் இது பஞ்சாபுக்கு வந்தது. அங்கே 37.5 சென்டிமீட்டர் மேடு, 30 சென்டிமீட்டர் சால், மேட்டில் இரண்டு வரிசைக் கோதுமை என்று அளவு வைத்திருக்கிறார்கள். தட்டை நிலத்தில் ஏக்கருக்கு 40 கிலோ விதை என்றால் பாரில் 30 கிலோவே போதும் என்பது அவர்கள் கணக்கு. நமக்கு இதெல்லாம் கூடுதல் லாபம். நம் பக்கத்தில் பாரின் முதல் வேலை மழைத் தண்ணீரை வடிப்பது. தண்ணீர் மிச்சமாவது இரண்டாவதுதான்.

எப்போது விதைப்பது

கோதுமைக்குப் பனி வேண்டும், குளிரில்லாமல் கதிர் வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் விதைக்கிற ரகங்களுக்கு அது சரி. இந்தியாவில் விதைப்பவை அந்த வகை இல்லை, கதிர் வருவதற்கு அவற்றுக்குக் கடுங்குளிர் தேவையில்லை. மணி நிரம்புகிற மூன்று நான்கு வாரம் வெயில் கடுமையாக இல்லாமல் இருந்தால் போதும். மதுரையில் மார்கழியிலும் தையிலும் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியும், விடியற்காலை 20, 21 டிகிரியும் இருக்கும். இதைவிடக் குளிர்ச்சியான நாட்கள் நமக்குக் கிடையாது. மாசி பாதியானாலே வெயில் ஏறிவிடும்.

இதைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். மாசி இரண்டாம் வாரம் அறுப்பு என்று வைத்தால், நூறு நாள் பயிருக்கு விதைப்பு கார்த்திகை முதல் வாரத்தில் விழுகிறது. அதாவது நவம்பர் 16 முதல் 25 வரை. இதற்கு முன்னால் போனால் ஐப்பசி அடைமழையில் விதையே அழுகும். பின்னால் போனால் தள்ளிப்போட்ட ஒவ்வொரு வாரத்துக்கும் மணி சிறுத்துக்கொண்டே போகும். சரியாகப் போகிறதா என்று பார்க்க எனக்கு ஒரு குறி இருக்கிறது. அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு நடக்கிற அன்று வயலில் கதிர் வெளியே வந்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் பொதியிலாவது, அதாவது இலையுறைக்குள் பொதிந்தாவது, இருக்க வேண்டும். அன்றைக்கும் வெறும் தாளாக நின்றால் பயிர் வெயிலில் மாட்டிக்கொள்ளும் என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

விதை

மளிகைக்கடையில் சம்பா கோதுமை என்று வாங்கி அதையே விதைக்காதீர்கள். அது எந்த ரகம், எத்தனை நாள் பயிர், எவ்வளவு பழசு என்று கடைக்காரருக்கே தெரியாது. பெயரும் குழப்புகிறது. நீளமாக, சிவப்பாக இருக்கிற எல்லாவற்றையும் கடையில் சம்பா என்றுதான் சொல்கிறார்கள். நான் இங்கே சம்பா கோதுமை என்று சொல்வது உமியோடு ஒட்டிய வகையை. நெல்லைப் போல இடித்துத்தான் மணியை எடுக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் கப்லி என்கிறார்கள். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் கொடுத்த எச்.டபிள்யூ 1098, தார்வாடிலிருந்து வந்த டி.டி.கே 1029 ஆகியவை இந்த வகையில் அறியப்பட்ட ரகங்கள். சாதாரண ரொட்டிக் கோதுமையைவிட வெப்பத்தையும் துரு நோயையும் இவை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். அதனால் நம் ஊருக்கு என் ஓட்டு சம்பாவுக்குத்தான். உமி நீக்குகிற வேலை மட்டும் கூடுதல். அதைப் பின்னால் பார்ப்போம்.

விதை கைக்கு வந்ததும் நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். ஐந்தாம் நாள் பிரித்து எண்ணினால் 85 முளைத்திருக்க வேண்டும். 70தான் என்றால் விதையைக் கூட்டிப் போடலாம். 50 என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு தடவை எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்தே வந்த விதை நூற்றுக்கு நாற்பதுதான் முளைத்தது. சாக்கில் போட்டுப் பார்த்ததால் ஒரு பட்டம் தப்பியது.

பத்து சென்ட்டுக்குப் பாரில் 3 கிலோ போதும். உமியோடு இருக்கிற சம்பா விதை என்றால் உமி எடையைச் சேர்த்து 4 கிலோ. விதைக்கிற முந்தின நாள் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோயைத் தடுக்கிற நல்ல பூஞ்சாணம்) கலந்து நிழலில் உலர்த்திக்கொள்ளுங்கள். அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரம் கிடைத்தால் விதைக்கும் முன்பு ஆறிய கஞ்சியில் பிசைந்து சேர்க்கலாம்.

பார் பிடிப்பது

இதில்தான் அவசரப்படாமல் இருக்க வேண்டும். மற்ற வேலையில் தவறு செய்தால் அடுத்த வாரம் சரிசெய்யலாம். பாரில் செய்த தவறு அறுப்பு வரைக்கும் கூடவே வரும்.

மண் பரிசோதனை செய்யாதவர்கள் முதலில் அதைச் செய்துவிடுங்கள். ஒத்தக்கடையில், யானைமலை அடிவாரத்து வேளாண்மைக் கல்லூரி வளாகத்தில் அதற்கு வழி கேட்கலாம். களர் மண்ணாக இருந்தால் கோதுமை வேண்டாம். உழவுக்கு முன்னால் ஏறக்குறைய 500 கிலோ மக்கிய தொழு உரம். இரண்டு உழவு, கடைசியில் ஒரு ரொட்டவேட்டர். கையில் ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலால் தட்டினால் பொலபொலவென்று உதிர வேண்டும். அந்தப் பதத்தில் பார் பிடியுங்கள். ஐப்பசி மழையில் சேறாக இருக்கும்போது பார் பிடித்தால் காய்ந்ததும் செங்கல் மாதிரி ஆகிவிடும். முளை மேலே வராது.

பத்து சென்ட் என்பது 4356 சதுர அடி. சதுரமாக இருந்தால் 66 அடிக்கு 66 அடி. பஞ்சாப் அளவை நம் கணக்கில் சொன்னால் மேடு ஒன்றேகால் அடி, சால் ஓரடி, இரண்டும் சேர்ந்து இரண்டேகால் அடி. 66 அடியில் 29 பார் வரும். வாய்க்கால், வரப்புக்கு இடம் விட்டால் ஒன்றிரண்டு குறையும். சாலிலிருந்து மேட்டின் உயரம் அரை அடிக்குக் குறையக் கூடாது, முக்கால் அடியைத் தாண்டவும் வேண்டாம்.

டிராக்டரில் பார்க் கலப்பை போட்டு வாங்கினால் அநேகமாக மேடு கூம்பாகத்தான் வரும். கரும்புக்கும் மிளகாய்க்கும் அது சரி. கோதுமைக்கு மேல்பக்கம் தட்டையாக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வரிசை நிற்காது. பலகையைக் கயிற்றில் கட்டிப் பாரின் மேல் ஒருமுறை இழுத்துவிட்டால் தலை மழுங்கித் தட்டையாகிவிடும். நான் பழைய கதவு நிலைக்கட்டை ஒன்றைப் பயன்படுத்துகிறேன். இரண்டு பேர் இழுத்தால் ஒரு காலையில் வேலை முடியும்.

சரிவைக் கவனியுங்கள். சால் வாய்க்காலிலிருந்து கடைசி வரை மெல்லச் சரிந்திருக்க வேண்டும், கடைசியில் வடிகால் திறந்திருக்க வேண்டும். பலரும் நாலு பக்கமும் வரப்பு போட்டுவிட்டு பார் மட்டும் உயரமாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அது பார் இல்லை, அகழி. மழை பெய்தால் சாலில் நிற்கிற தண்ணீர் பாரை அடியிலிருந்து ஊறவைக்கும். கீழ்ப்பக்கத்து வரப்பில் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிவிட்டு, பாசனத்தின்போது மட்டும் மண்ணைப் போட்டு அடைத்துக்கொள்ளுங்கள்.

செவலுக்கும் கரிசலுக்கும் வித்தியாசம் இருக்கிறது. செவல் மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாது, நேராகக் கீழேதான் இறங்கும். அதனால் மேடு குறுகலாகவும், சாலின் நீளம் நாற்பது அடிக்குள்ளும் இருப்பது நல்லது. 66 அடியை நடுவில் வாய்க்கால் விட்டு இரண்டாகப் பிரித்துவிடுங்கள். என் சித்தப்பாவுக்கு டி.கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல். அங்கே ஈரம் மெதுவாக நடு மேடு வரைக்கும் ஏறிவிடும், மேடு ஒன்றரை அடி இருந்தாலும் தாங்கும். ஆனால் ஒருமுறை காயவிட்டால் வெடிப்பு விழுந்து வேரை அறுத்துவிடும்.

கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பாக இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாலில் விடுகிற தண்ணீர் பாருக்குள் ஏறி மேலே ஆவியாகும்போது உப்பை நடு மேட்டில் விட்டுவிட்டுப் போகும். சில நாளில் வெள்ளையாகப் பூத்துத் தெரியும். அதனால் விதையை நடுவில் போடாமல் மேட்டின் இரண்டு ஓரமாக, தோள்பட்டையில் போடுங்கள். இரண்டு வரிசை முறையில் இது தானாகவே அமைந்துவிடுகிறது.

விதைப்பு

வானம் இரண்டு நாள் வெளுத்திருக்கிற சமயமாகப் பாருங்கள். அடியுரமாக 3.5 கிலோ டிஏபி, 2.7 கிலோ பொட்டாஷ், 2 கிலோ யூரியா. மேட்டின் நடுவில் கோடு கிழித்து அதில் போட்டு மூடிவிடுங்கள். விதையோடு சேர்த்துப் போட வேண்டாம், முளை கருகும். ஏக்கருக்கு 32 கிலோ தழைச்சத்து, 16 கிலோ மணிச்சத்து, 16 கிலோ சாம்பல்சத்து என்ற கணக்கைப் பத்து சென்ட்டுக்குக் குறைத்தால் இந்த அளவு வருகிறது. தழைச்சத்தில் மிச்சப் பாதி இருபதாம் நாளுக்கு.

பிறகு மேட்டில் இரண்டு கோடு. கோட்டுக்குக் கோடு ஒரு சாண், அதாவது 20 சென்டிமீட்டர். ஆழம் விரலில் இரண்டு கணு, 4 அல்லது 5 சென்டிமீட்டர். இதற்குமேல் ஆழமாகப் போனால் முளை மண்ணைத் துளைத்து வரும் முன்பே சோர்ந்துவிடும். மேலாக இருந்தால் மயில் தின்றுவிடும்.

விதையை எப்படிச் சீராகப் போடுவது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். முதல் ஐந்து பாரிலேயே பாதி விதை தீர்ந்துபோகும், கடைசிப் பாருக்கு ஒன்றும் இருக்காது. இதற்கு நான் செய்வது சின்னக் கணக்கு. 29 பாரில் 58 வரிசை. 3 கிலோவை 58ஆல் வகுத்தால் ஒரு வரிசைக்கு 50 கிராம் சொச்சம், உமியோடு இருக்கிற சம்பா என்றால் 70 கிராம். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்து, அந்த அளவு எந்த டம்ளரில் எவ்வளவு வருகிறது என்று மார்க்கரில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த டம்ளர் ஒரு வரிசைக்கு. அதைப் போட்டுக்கொண்டே நடந்து, கடைசி முனையில் டம்ளர் காலியாக வேண்டும். முதல் இரண்டு வரிசையில் கை பழகிவிடும். விதை போட்டதும் காலால் மண்ணைத் தள்ளி மூடி லேசாக மிதித்துவிட்டால் போதும்.

அன்றே சாலில் தண்ணீர் விடுங்கள். பாரின் தலைக்கு மேல் ஏறக் கூடாது. சாலில் முக்கால் ஆழம் நிற்கட்டும். தண்ணீர் ஓரத்திலிருந்து மண்ணைக் கறுப்பாக்கிக்கொண்டே ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு பக்கக் கறுப்பும் நடுவில் வந்து சேரும்போது மடையை அடைத்துவிடலாம். மழை இல்லாவிட்டால் ஐந்தாம் நாள் உயிர்த் தண்ணீர். ஆறு ஏழு நாளில் ஊசி மாதிரி முளை தெரியும்.

அந்த ஒரு வாரம் மயிலுக்குக் காவல் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மயில் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் கூட்டமாக இறங்கும். பழைய சேலையைச் சுற்றிக் கட்டினோம். அதற்குள் நுழைந்து வந்தது. கடைசியில் பாருக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் நூல் இழுத்துக் கட்டினோம். காலில் நூல் தட்டினால் அதற்குப் பிடிக்கவில்லை.

இருபதாம் நாள்

கோதுமைக்கு ஒரே ஒரு தண்ணீர்தான் கொடுக்க முடியும் என்று யாராவது என்னைக் கட்டிப்போட்டால், அதை இந்த நாளுக்கு வைத்துக்கொள்வேன்.

விதைத்த பதினெட்டாம் நாள் வாக்கில், ஓரமாக இருக்கிற ஒரு பயிரைக் கரண்டியால் மண்ணோடு பெயர்த்து எடுங்கள். பிடுங்காதீர்கள், வேர் அறும். மக்கில் தண்ணீர் வைத்து மண்ணைக் கரைத்துவிட்டுப் பாருங்கள். அடியில் பழைய விதைக்கூடு இருக்கும், அதிலிருந்து நாலைந்து மெல்லிய வேர் இறங்கும். அதற்கு மேலே, மண்மட்டத்துக்கு ஒரு விரல் கீழே, தண்டில் ஒரு முடிச்சு மாதிரி தடித்த இடம் தெரியும். அதைச் சுற்றி வெள்ளையாகப் பரு போல முட்டிக்கொண்டு நிற்கிறதா? அதுதான் முடிவேர். பயிருக்குக் கடைசி வரை சோறு போடப்போவது அதுதான். தூர் கட்டுவதும் அந்த முடிச்சிலிருந்துதான்.

மேல் மண் காய்ந்து கிடந்தால் அந்தப் பரு பருவாகவே நின்றுவிடும். கீழே ஈரம் இருந்தாலும் பயனில்லை, அது முதலில் கால் வைக்கிற இடம் மேல் இரண்டு அங்குலம்தானே. பாரின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. தட்டைப் பாத்தியைவிட மேடு சீக்கிரம் காயும். காற்று மூன்று பக்கமும் அடிக்கிறது. டிசம்பர் முதல் வாரத்தில் மழை விட்டு, மேலே மட்டும் காய்ந்து, அடியில் ஈரமாக இருக்கும்போது, “இருக்கிற ஈரம் போதும், கரண்ட் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். பதினெட்டுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவில் நல்ல மழை பெய்திருந்தாலொழிய தண்ணீர் விட்டே ஆக வேண்டும், நடு மேடு கறுக்கிற வரைக்கும்.

அதற்கு முந்தின நாள் களையெடுத்து, அன்று காலையில் மிச்ச யூரியா 3.5 கிலோவை மேட்டின் நடுக்கோட்டில் லேசாகக் கீறிப் போட்டு மூடிவிட்டு, பிறகு தண்ணீர். பாருக்கு 120 கிராம். சாலில் தூவிவிட்டால் பாதி கீழே போய்விடும். உயரமாக வளர்கிற சம்பா என்றால் யூரியாவை இதற்குமேல் கூட்டாதீர்கள். கதிர் வந்ததும் ஒரு காற்றடித்தால் மொத்தமாகப் படுத்துவிடும்.

களையெடுப்பில் எங்களுக்கு நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். தட்டைப் பாத்தியில் போட்ட வருஷம் களைக்கு வந்த அக்கா ஒருவர் நடுவயலில் நின்று, “ஏப்பா தம்பி, இதுல எது புல்லு, எது பயிரு?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது. இளம் கோதுமை பார்ப்பதற்கு அசல் புல்தான். ஒன்றிரண்டு பேர் கேட்காமலேயே பிடுங்கியும் போட்டிருந்தார்கள். பார் பிடித்த வருஷம் அந்தக் குழப்பமே வரவில்லை. “இந்த ரெண்டு கோட்டுல நிக்கிறதத் தவிர மத்தது எல்லாம் களை, அக்கா” என்று ஒரு வார்த்தையில் முடிந்தது. சாலில் கால் வைத்துக் களைக்கொத்தியால் கொத்திக்கொண்டே போனார்கள், மேடு மிதிபடவில்லை. சாரணையும் கோரையும்தான் எங்களுக்குப் பெரிய தொல்லை. முதல் முப்பது நாள் வயலைச் சுத்தமாக வைத்தால் அதற்குப் பின் பயிரே மூடிவிடும்.

மிச்சத் தண்ணீர்

இருபதாம் நாளுக்குப் பின் தூர் கட்டி முடிகிற 35–40ஆம் நாள் ஒன்று, கதிர் வெளியே வரும்போது 55–60இல் ஒன்று, பால் பிடிக்கும் 70–75இல் ஒன்று. செவல் மண்ணில் 85இல் இன்னொன்று வேண்டியிருக்கும். இடையில் மழை வந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். கதிர் வந்த பின்பு காற்று அடிக்கிற நேரத்தில் தண்ணீர் விடாதீர்கள். ஈரமண்ணில் வேர் பிடி தளர்ந்து பயிர் சாயும். பொழுது சாய்ந்து காற்று அடங்கியதும் விடுவது நல்லது. கடைசியில் மணியை நகத்தால் அழுத்தினால் பால் வராமல் மாவாக இருக்கிறது என்றால் தண்ணீரை நிறுத்திவிடுங்கள்.

துரு நோய்

நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி. இந்தியாவில் கோதுமைத் துரு நோயின் பிறப்பிடங்களில் ஒன்று நம் தலைக்கு மேலேயே இருக்கிறது. சமவெளியின் கோடை வெயிலில் துருப் பூஞ்சாணம் பிழைக்காது. குளிர்ந்த மலைகளில் பிழைத்திருந்து, ஒவ்வொரு வருஷமும் காற்றில் கீழே இறங்குகிறது என்பதைக் கே.சி.மேத்தா என்ற தாவர நோயியல் அறிஞர் போன நூற்றாண்டின் முதல் பாதியில் கண்டறிந்தார். நீலகிரியும் பழனி மலையும் அப்படிப்பட்ட இடங்கள். இங்கிருந்து கிளம்புகிற வித்துகள் நவம்பர் புயல் காற்றோடு மத்திய இந்தியா வரை போகின்றன. வெலிங்டனில் துரு எதிர்ப்பு ரகங்களுக்கென்று ஒரு நிலையம் இருப்பதும் இதனால்தான். மதுரையிலிருந்து கொடைக்கானல் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆக, எதிர்ப்புத் திறன் உள்ள ரகமாகப் பார்த்து வாங்குவதுதான் முதல் மருந்து. மார்கழி பிறந்ததும் வாரம் இரண்டு தடவை பயிருக்குள் போய் வாருங்கள். இலையில் செம்பழுப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தால் வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் செங்கல் தூள் மாதிரி ஒட்டினால் துரு. ஒட்டாவிட்டால் வேறு ஏதோ புள்ளி, பதற வேண்டாம். துரு என்று உறுதியானதும் புரோபிகோனசோல் 25 ஈசி, லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி வீதம் தெளிக்கலாம். சாலில் நடந்து தெளிக்கிற வசதி இருப்பதால் இலையின் அடிப்பக்கமும் நனையும்.

எலி சாலின் ஓரத்தில் வளை தோண்டும். கதிர் வந்தால் கிளியும் குருவியும் வரும். பத்து சென்ட் என்பதால் ஊரிலுள்ள கிளி எல்லாம் உங்கள் வயலுக்குத்தான் வரும், பக்கத்தில் வேறு கோதுமை இல்லையே. பழைய கேசட் ரிப்பனை முறுக்கிக் கட்டினால் காற்றில் விர்ரென்று சத்தம் கொடுக்கும். அது பத்து நாள் வேலை செய்தது, அதற்குப் பிறகு கிளிகள் பழகிவிட்டன.

அறுப்பும் உமியும்

தாள் பொன்னிறமாகி, கதிர் தலை கவிழ்ந்து, மணியைக் கடித்தால் கடக்கென்று சத்தம் வர வேண்டும். அப்போது காலை வெயிலில் கதிர் அரிவாளால் அறுத்து, இரண்டு நாள் களத்தில் காயவிட்டு அடியுங்கள். ரொட்டிக் கோதுமை என்றால் மணி உதிர்ந்து விழும், தூற்றி எடுத்தால் முடிந்தது. சம்பா அப்படி வராது. அடித்தால் கதிர் துண்டு துண்டாக ஒடியும், மணி உமிக்குள்ளேயே இருக்கும். முதல் தடவை இதைப் பார்த்து மணியே இல்லையோ என்று பயந்துவிட்டேன். உமியோடு காயவைத்து மூட்டை கட்டலாம், அப்படி வைத்தால் வண்டு விழுவதும் குறைவு.

தேவைப்படும்போது லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, உரலில் போட்டு உலக்கையால் இடியுங்கள். ஓங்கி இடித்தால் மணி நொறுங்கும், கை தளர்வாக, உரசுகிற மாதிரி விழ வேண்டும். முறத்தில் புடைத்தால் உமி பறக்கும். எங்கள் வீட்டில் உலக்கை பிடிக்க ஆள் இல்லாததால், பக்கத்து ஊர்ச் சின்ன அரைவை மில்லில் ரோலரைத் தளர்த்தி ஓட்டச் சொன்னோம். முதல் ஐந்து கிலோ ரவையாகவே வந்தது. சரி, அதுவும் வீட்டுக்குத்தானே. பத்து சென்ட்டில் உமியோடு 62 கிலோ, உமி நீக்கியதும் 43 கிலோ எங்களுக்குக் கிடைத்தது. அம்மா உப்புமா கிண்டிவிட்டு, கடை ரவையைவிடத் தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறது என்றார்.

அறுத்ததும் பாரை உழுது அழித்துவிடாதீர்கள். அடித்தாளை அப்படியே விட்டு, சாலை மட்டும் மம்பட்டியால் ஒருமுறை தூர்வாரி, ஒரு தண்ணீர் காட்டினால் மாசிப் பட்டத்துக்கு எள்ளோ உளுந்தோ அதே மேட்டில் போடலாம். நாங்கள் உளுந்து ஊன்றினோம். பழைய தாள் வரிசைக்கு நடுவில், ஒரு சாண் இடைவெளியில், குழிக்கு இரண்டு விதை.